மொழிபெயர்க்காமல் நின்ற ஒரு வாக்கியம்

விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும், வாங்கியதும் பாக்கெட்டில் திணிக்கக் கூடாது, மேசைமேல் மரியாதையாக வைக்க வேண்டும். ஜப்பான்காரர்களோடு வேலை செய்யப் போகும் உங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். எவ்வளவு குனிந்து வணங்குவது என்று வீடியோ பார்த்து, கண்ணாடி முன்னால் நின்று பழகியவர்களும் உங்களில் உண்டு என்று கேள்விப்பட்டேன். பழகுங்கள், இடுப்புக்கு நல்லது. ஆனால் ஜப்பான்காரர்களுக்கும் நம்மவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து வாய் வலிக்கப் பேசி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நாம் குனிந்தது போதவில்லை என்று எந்த ஜப்பான்காரரும் கோபித்துக்கொண்டு விமானம் ஏறியதை நான் பார்த்ததில்லை. வேலை கெடுவது வேறு இடத்தில். அறையில் யாரும் ஒன்றும் பேசாமல் இருக்கும் நேரத்தில்தான் நாம் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வோம்.

நமக்கு மௌனம் ஆகாது. பாதி மலையாளம் கலந்து பேசும் எங்கள் ஊரில், ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்கள் அப்பாவுக்கு மளிகை மொத்தக் கடை. வந்தவர் சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றால், பிடிக்கவில்லை என்று அர்த்தம். அப்பா உடனே அடுத்த மூட்டையைப் பிரித்துவிடுவார். நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஜப்பானிய மொழி படித்து, கழக்கூட்டத்துப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த பிறகுதான் வேறு மாதிரி மனிதர்களைப் பார்த்தேன். கனமான விஷயம் ஒன்று வந்து விழுந்தால் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார்கள். அது தூக்கம் அல்ல, கோபமும் அல்ல. யோசிக்கிறார்கள், அவ்வளவுதான். எதிரே இருப்பவரும் அந்த நேரத்தில் யோசிப்பார் என்று நம்புகிறார்கள். நாமோ பயந்துபோய்ப் பேச ஆரம்பிப்போம்.

அப்படி ஒரு நாள் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

அப்போது நாங்கள் ஒரு ஜப்பானிய நிறுவனத்துக்காக, படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்கள் பயன்படுத்தும் மின்சாரக் கட்டிலுக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கம் எழும்பும். விரலை எடுத்தால் நின்றுவிட வேண்டும். எங்கள் வேலை அந்த எழும்புவதும் நிற்பதும்தான். மாதிரிக் கட்டில் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். அதை ஆய்வகத்தில் போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, மாப்பிள்ளை வீட்டுச் சீர்போல் யாரும் தொடாமல் காத்துவந்தோம்.

அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை சுசீலாவுடையது. நாகர்கோவில்காரி. முப்பது வயதைத் தாண்டியவள், ஒரு பெண் குழந்தை உண்டு. விடிவதற்கு முன்னால் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, ரயில் பிடித்து வந்து, சாயங்காலம் அதே கூட்டத்தில் நின்றுகொண்டு திரும்பிப் போவாள். கணவனுக்கு விபத்தில் முதுகு போய்விட்டதால் அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அதுவும் நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்த வேலை. ஜப்பானிலிருந்து ஆள் வந்து கட்டிலைப் பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டால் அவள் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள். இல்லையென்றால் அந்த மாதத்தோடு முடிந்தது.

அந்த ஆள் வருவதற்குச் சில நாள் முன்பு சுசீலா எங்கள் மேலாளரிடம் வந்து ஒன்று சொன்னாள். மேலாளர் வைத்தியநாதன் சார் கோட்டைக்குள் அக்ரகாரத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். அன்று நானும் அந்த அறையில் இருந்தேன்.

“சார், நேத்து ஒருக்க பட்டன விட்ட பெறவும் கட்டில் நிக்கல்ல. மேல போயிட்டே இருந்துச்சு. நான் பிளக்கப் பிடுங்கித்தான் நிறுத்தினேன்” என்றாள்.

எழுந்திருக்க முடியாத ஒருவர் அதில் படுத்திருந்தால் என்ன ஆகும்? தலைப்பக்கம் ஏற ஏற வயிறு மடங்கும், மூச்சு முட்டும், கூப்பிடக் குரல் வராது. சார் உடனே எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். மாறி மாறிப் பொத்தானை அழுத்திப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் கட்டில் சொன்னபடி கேட்டது. மறுநாளும் பார்த்தோம், அதற்கு மறுநாளும் பார்த்தோம். நிற்காமல் போகவே இல்லை. சுசீலாவின் முகம் மட்டும் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டு வந்தது.

நான் சாரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். “சார், வர்றவரு கிட்ட இப்பவே போன்ல ஒரு வார்த்த சொல்லிருவோம். கெட்ட செய்திய நாலு பேர் முன்னால முதல் தடவையா கேக்கறது அவங்களுக்குப் பிடிக்காது. முன்னாலயே காதுல போட்டா அவரும் நம்ம கூட நிப்பாரு.”

ஜப்பான்காரர்களுக்குக் கூட்டம் என்பது முடிவை எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் இடம். அங்கே வந்துதான் விஷயமே தெரிய வேண்டும் என்று விட்டுவிட மாட்டார்கள். சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே தனித்தனியாகப் பேசிவிடுவார்கள். இது அவர்கள் ஊரில் புதிதாகச் சேர்ந்த ஆளுக்கும் தெரிந்த வழக்கம். எத்தனையோ கூட்டங்களில் அதை நான் பார்த்திருந்தேன்.

சார் கேட்கவில்லை. “ஒரே ஒரு வாட்டி நடந்ததாக்கும். அப்பறம் எத்தனை வாட்டி பாத்தாச்சு, நின்னுதோ இல்லையோ? ஆத்துக்கு விருந்தாளி வரச்சே வாசல்லயே நின்னுண்டு கூரை ஒழுகறதுன்னு சொல்லுவோமா? வரட்டும், பாக்கட்டும், போகட்டும். பின்ன நாம சாவகாசமா பாத்துக்கலாம்” என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவருக்குக் கீழே ஒரு குழுவே இருந்தது. இந்த வேலை போனால் அவ்வளவு பேரும் வேறு இடம் தேட வேண்டும். அன்று சாயங்காலம் பஸ்ஸில் கிழக்கேகோட்டைக்குப் போகும்போது எனக்கு ஒரே எண்ணம்தான். நாளை அந்த அறையில் இதை யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது? யாருமே சொல்லாமல் போய்விட்டால் அது அதைவிட மோசம் இல்லையா?

மறுநாள் ஒகாபே-சான் வந்தார். ‘சான்’ என்பது நம்முடைய ‘சார்’ மாதிரி, பெயருக்குப் பின்னால் வரும் மரியாதை. ஜப்பானில் அந்தக் கட்டில் பிரிவுக்கே பொறுப்பானவர். ஓய்வு வயதை நெருங்கியவர், ஒல்லியும் இல்லை பருமனும் இல்லை. நல்ல மழை. குடையை மடக்கி, கால்சட்டை ஓரம் நனைந்திருப்பதற்கு அவரே எங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே வந்தார். மேசையைச் சுற்றி நாங்கள் ஒரு சிலர்தான். சார் அவருக்கு எதிரே, நான் பக்கவாட்டில், சுசீலா கடைசியில் கதவோரம்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. படங்கள் காட்டினார்கள், அவர் தலையசைத்தார். கடைசியில் ஃபைலை மூடுமுன் ஒரு கேள்வி கேட்டார். “இந்தக் கட்டிலைப் பற்றி உங்களில் யாருக்காவது மனதில் உறுத்தல் இருக்கிறதா? சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை.”

நான் மொழிபெயர்த்தேன். ஒவ்வொருவராக இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். சார் புன்னகையோடு இல்லை என்றார். முறை கதவோரத்துக்கு வந்தது. சுசீலா எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் எழுந்திருப்பதுபோல் எழுந்தாள், பாவம்.

“ஒருமுறை நிற்கவில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். “பொத்தானை விட்ட பிறகும் கட்டில் நிற்கவில்லை. பிறகு எத்தனையோ முறை பார்த்தோம், அப்படி நடக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.”

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். ஒகாபே-சான் பேனாவைக் கீழே வைத்தார். கையைக் கட்டினார். கண்ணை மூடினார்.

நான் சொன்னேனே அந்த மௌனம், அது இதுதான். வெளியே மழை, உள்ளே ஏசி இரைச்சல். யாருக்கும் மூச்சு விடுவதற்கே பயம். சார் என்னைப் பார்த்தார். நான் கண்ணால் பொறுங்கள் என்றேன். அவரால் பொறுக்க முடியவில்லை.

“ரொம்ப வருந்தறோம்னு சொல்லுங்கோ” என்றார். சொன்னேன். ஒகாபே-சான் கண்ணைத் திறக்காமல் லேசாகத் தலையசைத்தார்.

இன்னும் கொஞ்ச நேரம். சாரின் கைக்குட்டை வெளியே வந்தது. “அடுத்த வேலையைச் சொன்ன தேதிக்கு முன்னாலயே குடுத்துடறோம்னு சொல்லுங்கோ.” அதையும் சொன்னேன். தலையசைப்பு கூட இல்லை. யார் தேதியைப் பற்றிக் கேட்டார்கள்?

“இவர் எந்தா ஒண்ணும் பறைய மாட்டேங்கறார்?” என்று என்னிடம் கிசுகிசுத்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். பயத்தில் குரல் உயர்ந்துவிட்டது. “அவ காண்ட்ராக்ட் ஆளாக்கும், சரியா டெஸ்ட் பண்ணத் தெரியலை. தப்பு அவளோடது, கட்டிலோடது இல்லை. நாளைலேர்ந்து அவ இங்க இருக்க மாட்டா. இதைச் சொல்லுங்கோ அவர்கிட்ட.”

சுசீலாவுக்கு இது காதில் விழாமல் இருக்குமா? அவள் நின்றபடியே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் என் குரல் போய்விடும்.

இந்த இடத்தில் உங்களை என் நாற்காலியில் உட்காரச் சொல்கிறேன். வாக்கியம் உங்கள் கையில் வந்துவிட்டது. அதை விழுங்க உங்களுக்கு உரிமை இல்லை. மாற்றவும் உரிமை இல்லை. ஒருமுறை மாற்றினால் அதன்பிறகு உங்கள் வாயை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. ஆனால் நீங்கள் அதை அப்படியே அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டால், ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுத்த வாக்கு ஆகிவிடும். ஜப்பான்காரர் முன்னால் சொன்னதைத் திரும்பப் பெறுவது லேசுப்பட்ட காரியம் அல்ல. அவள் வேலை போகும். அதோடு கட்டிலில் குறை இல்லை என்பதும் எழுத்தில் ஏறிவிடும். அப்புறம் எங்கோ ஒரு ஊரில், எழுந்திருக்க முடியாத யாரோ ஒருவர் அதில் படுப்பார்.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரே ஒரு உரிமை உண்டு. சரியாகச் சொல்வதற்காகத் திரும்பக் கேட்கலாம். எனக்கு அது மட்டும்தான் மிச்சம் இருந்தது.

“சார், ஒருக்கா கூடிச் சொல்லுங்கோ. தப்பு வராம அப்படியே சொல்லணும்” என்றேன்.

சார் என்னை முறைத்தார். “கேட்டது போறாதா?”

“கேட்டுது சார். நீங்க இன்னொரு தடவை சொன்னா அப்பவே சொல்லிருவேன்.”

அவர் வாயைத் திறந்தார். கடைசியில் நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்தார். மூடினார். மறுபடி மௌனம். இந்த முறை அதை நிரப்ப யாரிடமும் ஒன்றும் இல்லை. நான் செய்தது சரியா தவறா என்றே தெரியவில்லை. என் வேலையும் இன்றோடு போகலாம் என்று தோன்றியது. ஓடிப்போய்விடலாமா என்று கூட நினைத்தேன்.

அப்போதுதான் சுசீலா பேசினாள். மேசையைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் சொல்வதுபோலத் தமிழில் சொன்னாள்.

“அக்கா, அன்னைக்கி நான் அந்தக் கட்டில்ல படுத்துக் கெடந்தேன்.”

எல்லோரும் திரும்பினோம்.

“பிள்ளைக்கு ரெண்டு நாளா காய்ச்சல், ஒறக்கமே இல்ல. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பாத்துக் கொஞ்சம் சாய்ஞ்சேன். எந்திக்கதுக்கு வேண்டித்தான் பட்டன அமுக்கினேன். விட்டேன், நிக்கல்ல. உருண்டு கீழ விழுந்து, பெறவுதான் பிளக்கப் பிடுங்கினேன். படுத்ததச் சொன்னா வேலை போயிரும்னு பேடிச்சு, அத மட்டும் மறைச்சுட்டேன்.”

அலுவலக நேரத்தில், வாடிக்கையாளரின் கட்டிலில், ஒரு பெண் படுத்துத் தூங்கினாள் என்று அவளே சொல்கிறாள். இதைவிட மானம் போகிற விஷயம் அந்தக் கட்டடத்தில் அவளுக்கு வேறு கிடையாது. நான் மெதுவாகக் கேட்டேன். “இத அவரு கிட்டச் சொல்லட்டா, சுசீலா?”

“சொல்லுங்க அக்கா. எப்படியும் போகத்தானே போகுது.”

சொன்னேன். காய்ச்சலையும் சொன்னேன், சாய்ந்ததையும் சொன்னேன், மறைத்ததையும் சொன்னேன். ஒகாபே-சான் கண்ணைத் திறந்தார். நேராக அவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். கேட்டதும் எனக்கே ஒரு கணம் தயக்கமாகிவிட்டது.

“உங்க எடை எவ்வளவுன்னு கேக்கறாரு.”

“எந்தா?” என்று சார் பாதி எழுந்தார். சுசீலா குழம்பிப்போய்ச் சொன்னாள். ஒகாபே-சான் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, தான் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றார். பிறகு கட்டில் எங்கே என்று கேட்டார்.

ஆய்வகத்தில் அவர் ஷூவைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வெள்ளை விரிப்பின்மேல் மல்லாந்து படுத்து, கைகளை மார்பில் வைத்துக்கொண்டார். அவர்கள் அப்படித்தான். எதையும் அது நடக்கிற இடத்துக்குப் போய்த் தன் கண்ணால், தன் உடம்பால் பார்த்தால்தான் நம்புவார்கள். நாங்கள் இத்தனை நாளும் காலிக் கட்டிலைத்தான் சோதித்திருந்தோம். அதில் ஆள் படுப்பார் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. சுத்தமாக வைத்திருந்தோம், அது ஒன்றுதான் செய்தோம்.

“அன்றைக்குப் போலவே அழுத்துங்கள்” என்றார். சுசீலா பிளக் பக்கத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையால் பொத்தானை அழுத்தினாள், விட்டாள். நின்றது. மறுபடி. நின்றது. சாரின் முகத்தில் உயிர் வந்தது. என்னாலோ அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பலமுறை நின்றது. அதன்பிறகு ஒருமுறை நிற்கவில்லை.

கட்டில் ஏறிக்கொண்டே போனது. ஒகாபே-சான் மடங்க ஆரம்பித்தார். முகம் சிவந்தது, ஏதோ சொல்ல வந்தார், சத்தம் வரவில்லை. சுசீலா பிளக்கைப் பிடுங்கினாள். நானும் சாரும் ஆளுக்கொரு பக்கமாக அவரைத் தூக்கி உட்காரவைத்தோம். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருந்தார். பிறகு வெறும் சாக்ஸோடு இறங்கி நின்று, சுசீலாவுக்கு முன்னால் நன்றாகக் குனிந்தார்.

“நீங்கள் படுத்ததற்கு நன்றி” என்றார். அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன்.

காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தார்கள். அது உங்களுக்கு இங்கே வேண்டாம். அன்று கட்டிலை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தங்கள் பக்கத்திலும் எங்கள் பக்கத்திலும் இன்னும் வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லி ஃபைலை எடுத்துக்கொண்டார். அதற்குமேல் எங்கள் குழு என்ன ஆகும், யார் இருப்பார்கள், யார் போவார்கள், யாருக்கும் தெரியாது. ரயிலுக்கு நேரமானதும் சுசீலா பையை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அக்கா, நாளைக்கு நான் டிரெயின் ஏறணுமா வேண்டாமா?”

தெரியாது என்றே சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு மழையில் போனாள்.

ஒகாபே-சானை வழியனுப்ப நானும் சாரும் வாசலுக்குப் போனோம். விமான நிலையத்துக்குப் போகும் கார் வந்து நின்றது. கதவருகில் அவர் நின்று, என் பக்கம் திரும்பி, சாதாரணமாகக் கேட்டார். “கூட்டத்தின் நடுவில் இவர் சொன்ன ஒன்று மட்டும் என்னிடம் வந்து சேரவில்லை. அது என்ன?”

கண்ணை மூடியிருந்தவர் காதை மூடியிருக்கவில்லை. சொன்னால் சாரின் மானம் போகும். அந்த வாக்கியமும் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். ஒன்றுமில்லை என்று சொன்னால் என் தொழில் பொய்யாகும்.

“என்ன கேக்கறார்?” என்றார் சார்.

ஒகாபே-சான் கேட்டதை அப்படியே சாரிடம் சொன்னேன். “நடுவுல நீங்க சொன்ன ஒண்ணு அவருக்கு வந்து சேரலயாம். அது என்னன்னு கேக்கறாரு சார்.”

சார் பேசவில்லை. ஒகாபே-சானும் பேசவில்லை. டிரைவர் கதவைத் திறந்து பிடித்தபடி நனைந்துகொண்டிருந்தார். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று என் நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டேன். சாரின் கை ஒருமுறை கைக்குட்டையைத் தேடிப் போயிற்று, எடுக்காமல் திரும்பி வந்தது.

“தப்பு அவளோடதுன்னு பறஞ்சேன், அவளை அனுப்பிடறேன்னு பறஞ்சேன்னு சொல்லுங்கோ” என்றார் கடைசியில். “பயந்துண்டு சொன்னது. அதைத் திருப்பி எடுத்துண்டாச்சு. அவ இங்கதான் இருப்பா. அதையும் சொல்லுங்கோ.”

எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னேன். ஒகாபே-சான் கேட்டு முடித்து, சாருக்கு ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டுக் காரில் ஏறினார்.

சார் மாடிப்படி ஏறும்வரை கூடக் காத்திருக்காமல் நான் சுசீலாவுக்குப் போன் செய்தேன். ரயில் பாதி வழியில் பாறசாலையைத் தாண்டியிருந்தது.

“நாளைக்கு வா” என்றேன்.

அந்தப் பக்கம் ஒன்றும் பேச்சில்லை. தண்டவாளச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நானும் ஒன்றும் சொல்லாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.